உட்புறத்துக் கிளிகள்

நீரிணையின் மேல் நெடுநேரம் படுத்துறங்கிய காற்று, நண்பகல் சாயத் தொடங்கியதும் சோம்பல் முறித்தெழுந்து, கரையோரத்துப் பழங்கோட்டை வாயிலின் துளைபட்ட கற்களுள் நுழைந்து வெளிவந்து, செஞ்சுவர் மனைகளின் நெற்றியை வருடி, ஆற்றின் இருமருங்கும் நெருக்கியடித்து நின்ற ஓட்டுக் கூரைகளின்மேல் ஓடி, தென்னையும் கமுகும் ரம்புத்தானும் தோளோடு தோளுரசி நிற்கும் காஜா பேராங் பகுதியை அடைந்தது; அடைந்தபின், மேற்கொண்டு செல்ல மனமில்லாததுபோல், வேலிதோறும் உலர்ந்துகொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்ப்பதும் கீழே விடுவதுமாய்ப் பொழுது போக்கிற்று. அன்று அது பார்ப்பதற்குத் துணி மிகுதி. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு; நாடு விடுதலை பெறும் நாளுக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன; மலாக்கா நகரில் தையற்பொறியின் ஓசை கேளாத தெரு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் பிடிக்கவும், கடைகளின் முகப்பில் கட்டவும், மாட்டுவண்டியின் நுகத்தடியில் செருகவும் கொடிகள் வேண்டியிருந்தன. சிவப்புத் துணி கடைகளில் தீர்ந்துபோக, கிடைத்த சிவப்பைக் கொண்டு அவரவர் தைத்தமையால், ஒரு வேலியில் குங்குமச் சிவப்பும் மறு வேலியில் செங்கற் சிவப்புமாய், ஒரே நாட்டின் கொடி பல நிறத்தில் படபடத்துக்கொண்டிருந்தது.

இத்தனை கொடிகளுக்கு நடுவே ஒரு வீட்டு வேலியில் மட்டும் கொடி இல்லை. சேலை ஒன்று இருந்தது. அவ்வீடு சாரதாம்பாளுடையது. பன்னூறு ஆண்டுகட்கு முன் வணிகராய்க் கடல் கடந்து வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து, கும்பிடும் தெய்வத்தைக் கைவிடாமல் பேசும் மொழியை மட்டும் ஊரோடு கலந்துவிட்ட மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு முடியும் இடத்தில், தகரக் கூரையும் பலகைச் சுவரும் திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று அலறும் மரப்படலும் உடையதாய் அது நின்றது. சேலையோ, சாரதாம்பாளின் தாய் அஞ்சலை உடுத்தியது. அஞ்சலை மறைந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. மற்ற துணிகளெல்லாம் முறைப்படி பிறர்க்குக் கொடுக்கப்பட்டபின் எஞ்சியது இஃது ஒன்றே. இளைய மகள் பூங்காவனத்தின் திருமணத்தின்போது எடுத்த சீட்டிச் சேலை. ஆழ்ந்த அவுரி நீலத்தில் பசுங்கிளிகள் பதித்தது. எல்லாக் கிளியும் ஒரே அச்சுக்கட்டையிற் பிறந்தமையால், எல்லாம் ஒரே திசை நோக்கி, ஒரே வகையாய்த் தலைசாய்த்து, ஒரே பூவைக் கொத்திக்கொண்டிருந்தன.

அந்தச் சேலையின் ஒரு தலைப்பைத் தமக்கையும் மறு தலைப்பைத் தங்கையும் பிடித்துக்கொண்டிருந்தனர். படிப்போரே, காயவைத்ததை மடிப்பதற்காக என்று எண்ணிவிடாதீர்கள்.

"இதை நான் கப்பலில் கொண்டுபோகப் போகிறேன், அக்கா. கேட்கவில்லை, சொல்கிறேன்" என்றாள் பூங்காவனம்.

"சொல்வாய். சொல்லிவிட்டுப் போவதுதானே உனக்குத் தெரிந்தது. எதற்காவது கேட்டிருக்கிறாயா?"

"உனக்கு என்ன குறை? அம்மா நீர் இறைத்த கிணறு உன்னிடம். அம்மா நட்ட முருங்கை உன்னிடம். அவள் அரைத்துத் தேய்ந்த அம்மிகூட உன்னிடம்தான். எனக்கு என்ன இருக்கிறது, சொல்!"

"கிணற்றைப் பெயர்த்துக்கொண்டு போ. முருங்கையை வேரோடு பிடுங்கிக்கொள். அம்மியை உன் கணவர் தலையில் ஏற்று. சேலை இங்கேயே இருக்கட்டும்."

பூங்காவனம் கடலோரத்துக் கிளேபாங்கில் குடியிருந்தவள். அவள் கணவன் சேதுபதி துறைமுகக் கிடங்கொன்றில் கணக்கன், "புது நாட்டில் நான் யார் என்று எவரிடமும் போய்க் கேட்டு நிற்கமாட்டேன், நாகப்பட்டினத்தில் என் தகப்பனார் வீடு இருக்கிறது" என்று முடிவு செய்து, கப்பலுக்குச் சீட்டும் எடுத்துவிட்டான். சாரதாம்பாளின் கணவனோ, "நின்று கேட்டால்தானே தெரியும்" என்று இருந்துவிட்டான். இவ்வாறு ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் இருவரும், இரு கணவரின் இரு சொற்களால், இரு நாட்டினராக ஆகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் ஒருவரையொருவர் காண்பது உறுதியில்லை என்பது இருவர்க்கும் தெரியும். தெரிந்தும் அதைச் சொல்ல நாவெழாமையால், சேலையின் பெயரைச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தனர்.

வேலிக்கு அப்பால் ஒரு தலை எழுந்தது. அடுத்த வீட்டுச் சீதா. செட்டிக் குடியைச் சேர்ந்தவள். பூப்போட்ட கைலியும் வெள்ளைச் சட்டையும் கொண்டையில் வெள்ளிக் குச்சியுமாய் நின்றாள். அவள் பேசியது மலாய். நாம் அதை நம் மொழியிற் பெயர்த்தே சொல்வோம்.

"எனக்குப் புரியாத மொழியில் சண்டை போடுவதாக நினைப்போ? சண்டைக்கு மொழி எதற்கு? பாதி கிழியும் ஓசை எனக்கே கேட்டுவிட்டது."

"நீங்களே சொல்லுங்கள், சீதா அக்கா" என்று மலாயில் முறையிட்டாள் பூங்காவனம். "அம்மா கடைசியில் சொன்னது, 'இரண்டு பேருக்கும்' என்று. அதற்குமேல் மூச்சு வரவில்லை. இவள் ஒருத்தியே வைத்துக்கொண்டால் அது இரண்டு பேருக்கும் ஆகுமா?"

"வெட்டிப் பங்கிட்டால் அது சேலை ஆகுமா?" என்றாள் சாரதாம்பாள்.

"சேலை ஆகாது, போர்வை ஆகும்" என்றாள் சீதா. "நான் தைக்கிறேனே, துண்டுத்துணிப் போர்வை, அதைப்போல இரண்டு. ஒன்று கடலுக்கு இந்தப் பக்கம். ஒன்று அந்தப் பக்கம். வாருங்கள், ஒன்று காட்டுகிறேன். பார்த்தபின் வேண்டாம் என்றால் சேலையை வெட்டாமலே சண்டையைத் தொடருங்கள். நான் இங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் பொழுது போகவேண்டுமே."

சீதாவின் வீட்டுக் கூடத்தில், தெய்வ மாடத்தின் கீழ்த் தொங்கும் திரையும், தொட்டில் விரிப்பும், தலையணை உறையும், அனைத்தும் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்தவையாய், மாரிக்காலத்துத் தோட்டம்போல் நிறம் பொங்கிக் கிடந்தன. அவள் ஓர் உறையினின்று எடுத்தது ஏடு ஒன்று என்றே சகோதரியர் முதலில் எண்ணினர். அஃது ஏடன்று, உடைந்துபோன நிலைப்பேழையின் கண்ணாடியிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு துண்டுகளை, முதுகில் துணிப்பட்டை ஒட்டி ஒன்றோடொன்று பிணைத்து, விரிக்கவும் மடக்கவுமாய் அமைத்த இரட்டைக் கண்ணாடி. பாயின்மேல் சேலையை விரித்து, ஒரு கிளி இரு கண்ணாடிகளுக்கும் இடையே அகப்படுமாறு அதைச் செங்குத்தாய் நிறுத்தி, சிறிதே விரித்த விசிறிபோல் பிரித்து, "இப்போது குனிந்து பாருங்கள்" என்றாள்.

குனிந்தனர். அம்மம்ம! வறண்ட குளத்தில் ஓரிரவு மழைக்குத் தாமரைகள் ஒருங்கே தலைநீட்டினாற்போல, தனித்திருந்த ஒரு கிளி ஆறாய்ப் பெருகி, இரண்டிரண்டாய் அலகோடு அலகு பொருத்தி, நடுவே ஒரு பூவைச் சூழ்ந்து வட்டமிட்டிருந்தது. சீதா கண்ணாடியைச் சற்றே நகர்த்தினாள். கிளிகள் ஒளிந்துகொள்ள, வாலிறகுகள் மட்டும் கூடி ஒரு விண்மீன் ஆயின. இன்னும் நகர்த்தினாள், விண்மீன் உருகி, இலைகள் பின்னிய மாலை ஆயிற்று. வெட்டாமலே, தைக்காமலே, ஊசிமுனை படாமலே, அந்தச் சேலைக்குள் எத்தனை போர்வைகள் உறங்கிக்கொண்டிருந்தனவோ அத்தனையும் ஒவ்வொன்றாய்க் கண்விழித்து மறைந்தன. இரு பெண்களும் ஒருவர் தலையோடு ஒருவர் தலை முட்டிக்கொண்டதையும் அறியாதவராய் நோக்கினர்.

"முதலில் காட்டியது! முத்தமிடும் கிளிகள்!" என்று சிறுமிபோல் கைகொட்டினாள் பூங்காவனம்.

"அலகு பொருத்தியிருக்கிறது என்று சொல், போதும். வயதுக்கு ஏற்றாற்போல் பேசு" என்றாள் தமக்கை, எனினும் அவள் உதட்டோரம் அசைந்தது. பிறகு, விலைபேசும் பெண்ணின் ஐயத்தோடு, "கண்ணாடியில் தெரிவது துணியில் வருமா?" என்று கேட்டாள்.

"இதோ தொங்குகின்றனவே, இவையெல்லாம் முதலில் கண்ணாடியில் பார்த்தவைதாம். கண்ணாடி காட்டியதைத் துணி ஒருநாளும் எனக்கு மறுத்ததில்லை."

சீதா சொன்னதில் பொய் இல்லை. அவள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவளுக்கே தெரியாதது ஆகையால் சொல்லவில்லை. அது என்ன என்பது விரைவில் விளங்கும்.

மூன்று முனையும் ஒத்த தகட்டு அச்சு ஒன்றைச் சீதா கிளியின்மேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடிட்டாள். கத்தரிக்கோலைச் சாரதாம்பாள் வாங்கிக்கொண்டாள். "வெட்டுவதென்றால் நான்தான் வெட்டுவேன். அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டிய கை இது. வேறு கை படவேண்டாம்." பூங்காவனம் துணியை இழுத்துப் பிடித்தாள். முதல் வெட்டில் சாரதாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள் என்றும், கண்ணைத் திறந்து வெட்டும்படி சீதா அதட்டினாள் என்றும் அறிக. ஒரு பூவுக்கு வேண்டியதை மட்டும் வெட்டி முதலில் பொருத்திப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். கேட்பது எளிது. கப்பல் நாள் நெருங்கியிருந்தது. கண்ணாடி காட்டிய அழகு நெஞ்சில் நின்றது. சீதாவின் சொல்லில் ஐயுறவு இல்லை. மாலை வெயில் பொன்னாகு முன்னர், அஞ்சலையின் சேலை, கிளிக்கு ஒரு துண்டாய், பாயின்மேல் குவிந்துவிட்டது.

சீதா ஆறு துண்டுகளை எடுத்து வட்டமாய் அடுக்கத் தொடங்கினாள். முதல் துண்டை நேராக வைத்தாள். இரண்டாவதை எடுத்த கை, நெடுநாள் பழகிய கையாகையால், கேளாமலே அதைப் புரட்டிக் கவிழ்த்து வைத்தது. வைத்தவுடன், சுடுசட்டியைத் தொட்டவள்போல் பின்வாங்கினாள். ஆழ்ந்த நீலத்தின் அருகே, சாம்பல் பூத்த வெளிறிய நீலம்; பசுங்கிளியின் அருகே, பனிமூட்டத்தில் அமர்ந்ததுபோல் ஒரு மங்கற் கிளி.

"ஐயோ, தங்கச்சி! இந்தத் துணிக்கு முகம் வேறு, முதுகு வேறா?"

அப்போதுதான் விளங்கிற்று. சீதா வாழ்நாளெல்லாம் தைத்தது பாத்தேக் என்னும் மெழுகோவியத் துணி. மெழுகெழுதிச் சாயத்தில் முழுவதும் நனைத்தெடுப்பது ஆகையால் அதற்கு இருபுறமும் ஒன்றே. கண்ணாடி காட்டும் எதிர்க்கிளி வேண்டுமானால், ஒன்றுவிட்டொன்றாய்த் துண்டைப் புரட்டிப் போட்டால் போதும். அதை அவள் கை தானாகவே செய்து வந்தது. செய்கிறது என்பதே அவள் அறியாள். அச்சுப் பதித்த சீட்டிக்கோ ஒருபுறமே முகம். கைலி உடுத்துபவளின் கண்ணாடியைச் சேலை உடுத்துபவர் நம்பினர், சேலையைக் கைலி உடுத்துபவள் தன் துணிபோல் நினைத்தாள், அவ்வளவே பிழை.

"எல்லாவற்றையும் நல்ல புறமாகவே வைத்துப் பாருங்கள்" என்றாள் பூங்காவனம்.

வைத்தனர். ஆறு கிளிகளும் பளிச்சென்று நின்றன. ஆனால் ஒன்றும் ஒன்றை நோக்கவில்லை; ஒன்றன் வாலை மற்றொன்று கொத்த, அதன் வாலைப் பின்னது கொத்த, துரத்துவதும் துரத்தப்படுவதுமாய்ச் சுற்றின.

சாரதாம்பாள் அடங்கிய குரலில், "காலையில் இது சேலை" என்றாள்.

"அக்கா..."

"காலையில் எடுத்து உதறினேன். அவள் தோளளவு அப்படியே இருந்தது. இப்போது எது தோள், எது தலைப்பு? காட்டு பார்க்கலாம்."

"என்னால்தான் என்று சொல்லிவிடேன்."

"சொல்லவேறு வேண்டுமா?"

"சொல்லு! ஓராண்டாய் நெஞ்சில் வைத்திருக்கிறாயே, அதையும் சேர்த்துச் சொல்லிவிடு!"

"சொல்கிறேன். விருந்துக்கு வருவதுபோல் வந்துபோனாய். அவள் முதுகில் படுக்கைப்புண் வந்தபோது நீ எங்கே இருந்தாய்? கிளேபாங் என்ன, கடலுக்கு அப்பாலா இருக்கிறது?"

"கூப்பிட்டாயா? ஒரு நாளாவது கூப்பிட்டாயா? நான் வந்தபோதெல்லாம் அம்மா தலைவாரி, முகம் துடைத்து, இந்தச் சேலை பளபளக்கச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். 'எனக்கென்னடி, நன்றாய் இருக்கிறேன்' என்பாள். நீயும் பக்கத்தில் வாய்மூடி நிற்பாய். நலம் என்றுதானே நம்பினேன்? புண் இருந்தது என்பதை அவளைக் கிடத்தியபோதுதான் பார்த்தேன். நீதான் மறைத்தாய்!"

சாரதாம்பாள் துண்டுகளையெல்லாம் வாரி ஒரு துணியில் மூட்டையாய்க் கட்டினாள்.

"கப்பலுக்கு வழியனுப்ப வராதே" என்றாள் பூங்காவனம்.

"வருகிறேன் என்று யார் சொன்னது?"

இருவரும் இரு வாயில் வழியே சென்றபின், சீதா தன் இரட்டைக் கண்ணாடியை மடித்து, முகம் காட்ட நாணியவள்போல் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அதன்பின் மழை. கூரைத் தகரத்தின்மேல் வானம் புளியங்கொட்டை கொட்டினாற்போன்ற மழை. வேலிகளில் கொடிகளெல்லாம் சாயம் வழிந்து ஒட்டிக்கொண்டன. மழைவிட்ட ஒரு காலையில், கணவன் வேலைக்குச் சென்றபின், சாரதாம்பாள் மூட்டையை அவிழ்த்தாள். கட்டியபடியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. துண்டுகளை எடுத்து எடுத்துப் பாயில் பரப்பினாள். ஆறு துண்டுகளை வட்டமாயும் வைத்தாள். நேராக அன்று, எல்லாவற்றையும் கவிழ்த்து, அந்த வெளிறிய உட்புறம் மேலே தெரியும்படி வைத்தாள். வைத்துவிட்டு, மங்கற் கிளிகளின்மேல் உள்ளங்கையை விரித்து, காய்ச்சல் கண்ட உடலைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தொட்டபடி அமர்ந்திருந்தாள்.

அவ்வேளை வாயிற்படல் கிறீச்சென்றது.

அவள் கை துள்ளிற்று. யார் வருகிறார் என்று நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, எண்ணவும் இல்லை, துண்டொன்றைப் பற்றி நல்ல புறம் மேலாகப் புரட்டிப் போட்டது அந்தக் கை, அடுத்ததைப் புரட்டப் போயிற்று. அதற்குள் பூங்காவனம் உள்ளே வந்து நின்றுவிட்டாள். சேற்றில் தோய்ந்த கால், நனைந்த முன்றானை.

"சண்டைக்கு வரவில்லை" என்றாள். "ஒரே ஒரு துண்டு கொடு. பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடுகிறேன்." பிறகு பாயைப் பார்த்தாள். "அங்கே எதை மறைக்கிறாய்?"

"மறைக்கவில்லை. திருப்புகிறேன்."

"ஏன்?"

"நீ வந்துவிட்டாய் அல்லவா."

"நான் வந்தால் என்ன?"

சாரதாம்பாள் தன் கையையே, வேறொருவர் கைபோல், பார்த்தாள். பின்பு மெல்லச் சொன்னாள்: "அம்மா இதை வீட்டில் எப்போதும் உட்புறம் வெளியே தெரியத்தான் கட்டுவாள். நல்ல புறம் வெயிலில் மங்கிவிடுமாம். படல் ஓசை கேட்டதும், வருவது நீ என்று தெரிந்தால், உள்ளே ஓடித் திருப்பிக் கட்டிக்கொண்டு வருவாள். பிறகு ஓட முடியவில்லை. படுக்கையிலிருந்தே, 'சாரதா, சின்னவள் வருகிறாள், திருப்பிவிடடி' என்பாள். நீ கால் கழுவி உள்ளே வருமுன் நான் திருப்பிச் சுற்றிவிடவேண்டும். புண்ணோடு புரட்டுவேன். பல்லைக் கடித்துக்கொள்வாள். நீ வந்ததும் சிரிப்பாள்."

பூங்காவனம் அப்படியே சுவரோரம் அமர்ந்துவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன்? நான் என்ன அயலாளா? விருந்தாளியா?" என்றாள். "அவள் மங்கிப்போனதை நான் பார்த்தால் என்ன? உன்னிடம் முனகினாளே, உன்னிடம் அழுதாளே, என்னிடம் ஒரு நாளாவது 'வலிக்கிறதடி' என்றாளா? என் அம்மாவின் உட்புறத்தை எனக்கு ஒருவரும் காட்டவில்லையே, அக்கா!"

"உனக்கு அந்தக் குறை" என்றாள் சாரதாம்பாள். அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "எனக்கு எது குறை தெரியுமா? எனக்காக அவள் ஒரு நாளும் திருப்பிக் கட்டவில்லை. பத்தாண்டு இந்தச் சேலையைத் துவைத்தவள் நான். பச்சைக் கிளி உனக்கு; வெளுத்த கிளி எனக்கு. உன் படலோசைக்கு அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியில் எனக்குப் பாதி, கால், ஒரு நாள் கிடைக்காதா என்று இருந்தேன். அதனால்தான் புண்ணைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை. 'சொல்லாதே' என்று அவள் சொன்னாள் என்பது உண்மை. ஆனால் நானும் சொல்ல விரும்பவில்லை. எனக்கென்று அதுவாவது இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன், போ!"

ஒருத்தி மற்றொருத்தியின் செல்வத்தை இத்தனை காலமும் எண்ணி ஏங்கியிருந்தாள். தன் கையிலிருந்ததோ மற்றவள் ஏங்கிய செல்வம் என்பதை இருவரும் அறியாதிருந்தனர். இருவரும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தனர். முருங்கையிலிருந்து மழைத்துளி ஒவ்வொன்றாய்ச் சொட்டிற்று.

முதலில் கண்டவள் பூங்காவனம். "அக்கா. அதைப் பார்."

"எதை?"

"நீ திருப்பிப் போட்டாயே, அந்த ஒன்றை."

கவிழ்ந்து கிடந்த மங்கற் கிளிகளின் நடுவே, பதறிய கை புரட்டிவிட்ட ஒரே ஒரு பசுங்கிளி, தன் அண்டையிலிருந்த மங்கற் கிளியை நோக்கித் தலைசாய்த்து, அலகோடு அலகு பொருத்தியிருந்தது, கண்ணாடியில் கண்டதுபோலவே.

பூங்காவனம் கை நீட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டினாள். அதன்பின் ஒன்றுவிட்டு மற்றொன்றைச் சாரதாம்பாள் புரட்டினாள். மூன்று பசுங்கிளியும் மூன்று மங்கற் கிளியும், இணை இணையாய் முகம் நோக்கி, ஒரு பூவைச் சூழ்ந்து நின்றன. கண்ணாடியில் கண்ட கிளிகள் ஆறும் ஒரே நிறம். ஆகவே அவை ஒரே கிளியின் நிழல்கள் என்று கண்டவுடன் தெரிந்துவிடும். இவையோ வெவ்வேறு கிளிகள். ஒன்று வெயிலைக் கண்டது, ஒன்று உடலின் வெம்மையைக் கண்டது. அதனாலேயே அவை ஒன்றையொன்று நோக்கியது, நோக்கியதாகவே இருந்தது.

"சீதா அக்காவைக் கூப்பிடு" என்றாள் சாரதாம்பாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சீதா வந்து, குனிந்து, நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்: "ஆகக் கண்ணாடி பொய் சொல்லவில்லை! நான் வீணாக அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அதன் பாதி உங்கள் பொறுப்பு." பின்னர்த் துண்டொன்றைக் கையிலெடுத்து இருபுறமும் திருப்பிப் பார்த்து, "என் துணிக்கு இது முடியாது" என்றாள். "இருபுறமும் ஒன்றாய் இருப்பதில் இதுதான் குறை போலும். சரி, ஊசியை எடுங்கள். கப்பல் உங்களுக்காக நிற்காது."

அன்றுமுதல் கப்பல் நாள் வருமளவும் அவ்வீட்டில் தையல் நடந்தது. பூங்காவனம் கிளேபாங்கிலிருந்து விடியலிலேயே வந்துவிடுவாள், படல் கிறீச்சிடும், எவரும் எதையும் திருப்புவதில்லை. மங்கற் கிளியொன்றைக் கோக்கும்போது, "இது எந்த நாள்?" என்பாள் தங்கை. தமக்கை சொல்லுவாள்: காய்ச்சலில் அம்மா கறவை மாட்டுக்கு விலைபேசியதையும், மருந்தைக் கொல்லைக் கோழிக்கு ஊற்றிவிட்டுக் குடித்தேன் என்றதையும், வலி மிகுந்த வேளைகளில் தாலாட்டைத் தனக்குத்தானே பாடிக்கொண்டதையும். பசுங்கிளியொன்று வரும்போது, "இது உன்னுடையது, நீ சொல்" என்பாள் தமக்கை.

"நீ கிணற்றடிக்குப் போனதும் என்னிடம் உன்னைப் பற்றித்தான் பேசுவாள், அக்கா."

"என்னைப் பற்றியா? குறையா?"

"'பெரியவள் கை பட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. அவளிடம் சொல்லிவிடாதே, தலைகால் தெரியாமல் ஆடுவாள்' என்பாள்."

சாரதாம்பாள் ஊசியில் நூல் கோப்பதற்கு அன்று நெடுநேரம் எடுத்தது.

புறப்படும் நாளும் வந்தது. துறைமுகத்துக்குச் செல்லும் பேருந்து நிற்கும் மரத்தடியில், பெட்டிகளை அடுக்கி நின்ற சேதுபதி, மனைவியின் தோளில் கிடந்த போர்வையைக் கண்டு முகம் சுளித்தான். "புதுப் போர்வை என்றாய். பாதிக் கிளி அதற்குள் வெளுத்திருக்கிறதே? எந்தக் கடைக்காரன் ஏமாற்றினான்?"

"வெளுக்கவில்லை" என்றாள் பூங்காவனம். "அது அக்கா பார்த்த அம்மா. பச்சையாக இருப்பது நான் பார்த்த அம்மா. உங்கள் ஊரில் எவராவது என்னைத் தைக்கத் தெரியாதவள் என்று சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்."

"ஊர் என்ன சொன்னால் என்ன, கப்பலில் குளிரும், இழுத்துப் போர்த்திக்கொள்" என்று சேதுபதியைப் பார்த்துச் சொன்னாள் சாரதாம்பாள், சொன்னது தங்கைக்கு. வழியனுப்ப வராதே என்று சொன்னவளும், வருவதாக யார் சொன்னது என்றவளும், பேருந்தின் பலகணி வழியே கோத்த விரல்களை வண்டி அசைந்த பிறகே விட்டனர். சாலையின் இருமருங்கும் பல நிறச் சிவப்புக் கொடிகள் அசைய, அவற்றின் நடுவே அவ்வண்டி, கைக்கு அகப்படாத ஊசிபோல் சிறுத்துச் சிறுத்து மறைந்தது.

சாரதாம்பாள் வீடு திரும்பினாள். வாயிற்படலைத் தள்ளினாள், அது வழக்கம்போல் அலறிற்று. அவ்வொலி கேட்டதும் வலக்கை தானாகவே எழுந்தது. எழுந்து, கட்டிலின்மேல் விரித்திருந்த தன் போர்வையை நோக்கி நீண்டது. நீண்டு, இடைவெளியில் நின்றது. திருப்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இரு புறமும் மேலேயே இருந்தன. நின்ற கையை அவள் மெல்லத் தாழ்த்தி, மங்கற் கிளி ஒன்றன்மேலும் பசுங்கிளி ஒன்றன்மேலும் பொருந்துமாறு வைத்துக்கொண்டு, படல் ஓய்ந்த அமைதியில் நெடும்பொழுது இருந்தாள். அன்பென்பது சிலர்க்கு ஒளியுற்ற முகத்தையும் சிலர்க்கு உள்ளுறையும் வலியையும் காட்டிப் போய்விடுகிறது. இரண்டையும் ஒருசேரப் பெற்றவர் இவ்வுலகில் அரியர். கடலால் பிரிந்த அவ்விரு பெண்களும், அதன்பின் வந்த இரவுகளில் எல்லாம், அவ்வரியவருள் இருவராய் உறங்கினர்.